கரடிகள் யாரைப் பார்க்கின்றன?

என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அக்கா. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "ஒரே நாத்தனார், அதுவும் தனிக்குடித்தனம்" என்று என் அம்மா எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி சொன்னாள். விழுந்ததுதான். இத்தனை வருடத்தில் அவர் என்னைக் குத்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட உண்டு. வாய்க்காரி என்று பிறந்த வீட்டிலேயே பெயர் எடுத்தவள் நான். பதிலுக்குப் பதில் பேச ஒரு நாத்தனார் கிடைப்பார் என்று தயாராக வந்தால், கிடைத்தவர் நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு 'ம்' போடுகிறவர். தனியாக எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

என் பிள்ளைகள் அவரைக் கரடி அத்தை என்று கூப்பிடுவார்கள். ஆளைப் பார்க்காதவர்கள் வேறு மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அக்கா ஒல்லி, காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய உடம்பு. அவர் வீட்டில் உட்கார்ந்து கரடி பொம்மை செய்கிறார், அதனால் அந்தப் பெயர். இப்போது கடைகளில் மூட்டை மூட்டையாகத் தொங்குகிற ரகம் இல்லை. பழைய காலத்து ரகம். நீளமான கைகள், முதுகில் சின்னத் திமில், முன்னால் நீட்டிய மூக்கு. தலையும் கைகால்களும் தனித்தனியாகத் திரும்பும். உள்ளே அட்டை வட்டம் வைத்து நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கியிருப்பார். வயிற்றுக்குள் பஞ்சுக்குப் பதில் மரச்சீவல். ஒரு சின்ன உறுமல் டப்பாவும் உண்டு, கரடியைக் குப்புறக் கவிழ்த்து நிமிர்த்தினால் 'ம்ம்ர்ர்' என்று சத்தம் வரும். தூக்கினால் நல்ல கனம். மடியில் வைத்துக்கொண்டால் நிஜமாகவே ஒரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இந்தத் தொழில் அவருக்கு வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. அக்கா ஒரு சோபா கம்பெனியில் உறை தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஓட்டினார். அந்த லிஃப்டில் யாரோ ஒரு பழைய கரடியை விட்டுவிட்டுப் போனார்கள். தேடி வருவார்கள் என்று அண்ணன் அதைத் தன் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே பல மாதம் உட்கார வைத்திருந்தார். யாரும் வரவில்லை. காது ஒன்று போய், வயிறு பிய்ந்து கிடந்த அதை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வயிற்றை மட்டும் தைத்து வைத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆயுள் முழுக்க உறை தைத்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கை சும்மா இருக்குமா? அண்ணன் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால், தரையில் விரித்த செய்தித்தாள் மேல் கரடி அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்கிறது.

"ஆபரேஷன் முடிஞ்சுதா? பொழைக்குமா?" என்று கேட்டாராம்.

பிழைத்துக்கொண்டது. அதன் துண்டுகளை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு அக்கா இரண்டாவது ஒன்று தைத்தார். அதற்கு இரண்டுமே இடது கை. ஒரு கைக்கு அட்டையை இப்படி வைத்து வெட்டினால் இன்னொரு கைக்குத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். துணியில் முடி படிகிற திசையும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே பக்கமாக வெட்டிவிட்டார். அந்தக் கரடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் உருப்படியாகப் பிடிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் பல்பு மாற்றும்போதெல்லாம் நான் அதை எடுத்து அவர் பக்கத்தில் வைப்பேன், அவருக்கும் இரண்டுமே இடது கைதான்.

கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதுவே முழுநேர வேலையானது. பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அண்ணனும் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். நாள் முழுக்க லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களோடு பேசித் தீர்த்தவர், வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஒரு கை வைத்த மரநாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். ரேடியோ இருந்தது சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில். மேல்தட்டில் அரைகுறைக் கரடிகள் உட்கார்ந்திருக்கும். அதனால் அவர் நாற்காலி கரடிகளைப் பார்த்தபடியே இருக்கும்.

கரடிக்குக் கடைசியாக வைப்பது கண். அது கண்ணாடியில் செய்தது, நடுவில் கறுப்புப் பாவை, பின்னால் கம்பி வளையம். அந்த வளையத்தில் மெழுகு தேய்த்த நூலைக் கோத்து, நீள ஊசியால் தலைக்குள் விட்டுப் பிடரி வழியாக வெளியே எடுப்பார். நூலை இழுக்கிற இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கண் உள்ளே போய்க் கரடி கிழடு தட்டும். ஒரு பக்கம் அதிகமானால் கண் உருண்டு வேறெங்கோ பார்க்கும். இதற்கு அக்கா வைத்திருக்கும் பெயர் 'பார்வை பிடிக்கிறது'. நூலை முடிச்சுப் போடாமல் தொங்கவிட்டுக் கரடியை அலமாரியில் உட்கார வைப்பார். அண்ணன் ரேடியோவிலிருந்து கண்ணை நிமிர்த்தி, "என்னைப் பாக்கல" என்பார். அக்கா எழுந்து போய் இழுப்பார். "இப்பவும் பாக்கல." மறுபடி இழுப்பார். "ம், இப்பப் பாக்குது." அப்போதுதான் முடிச்சு விழும். ஒரு கரடிக்கு ஒரு மணி நேரம்கூட இப்படி நடக்கும். கரடி யாரையாவது பார்த்தால்தான் கண் கண்ணாக இருக்கும், சும்மா வைத்தால் அது வெறும் கோலிக்குண்டு என்று அக்கா சொல்வார். அவர் ஒரே மூச்சில் சொன்ன நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. வந்து எங்களோடு இருங்கள் என்று கூப்பிட்டோம். "வேணாம்மா. என் துணி முடியெல்லாம் உங்க சாப்பாட்டுல பறக்கும்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு வருத்தம். எனக்கு, உண்மையைச் சொன்னால், வீட்டில் இடம் எங்கே என்ற கவலை விட்டது. அதோடு அவர் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவும் செய்தது.

அக்காவின் வீடு மாடியில் இரண்டு அறை. பாத்திரம் வைக்கும் கம்பித் தட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. மற்றதெல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்குள் போய்விட்டன. ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில் நாளைக்கு மழை வருமா என்று அதில் சொல்வார்கள், அக்கா ஜன்னலோரத் தையல் மிஷினில் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணனின் நாற்காலியில் வெட்டாத துணிகளை மடித்து அடுக்கியிருந்தார். நான் ஒருமுறை அதை எடுத்துவிட்டு உட்காரப் போனேன். "அதுல துணி இருக்கே" என்றார். சரி என்று கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மாதம் ஒருமுறை அவரையும் ஒரு பெட்டி கரடிகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிப் பரிசுக் கடைக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. நான் சலவைக் கடை ஒன்றில் கவுன்டரில் இருக்கிறேன், மத்தியானத்தோடு விடுதலை. "என் தலையெழுத்து, கரடிக்கெல்லாம் டிரைவர்" என்று வழியெல்லாம் புலம்புவேன். பின்னால் இருந்து 'ம்' என்று வரும். அந்தக் கடைக்குப் போகிற நாளில் அக்கா தலையை வழித்து வாரி, நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு நான் ஹாரன் அடிப்பதற்கு முன்பே கீழே நிற்பார். அவர் கையிலிருந்து ஒன்று வரும் என்று உலகத்தில் யாராவது காத்திருந்தார்கள் என்றால் அது அந்தக் கடை மட்டும்தான். எனக்கு இது தெரியும். அவருக்கும் தெரியும்.

போன மாதம் அங்கே போனபோது கடைக்காரம்மா பெட்டியைத் திறக்கவே இல்லை. கவுன்டருக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து மேலே வைத்தார். உள்ளே முன்பு கொடுத்த கரடிகள்.

"தப்பா நினைக்காதீங்க. போகவே மாட்டேங்குது. வாங்கிட்டுப் போனவங்களும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஏன், என்ன குறை?" நான்தான் கேட்டேன். அக்கா கேட்க மாட்டார் என்று தெரியும்.

"பார்வை சரியில்லங்க. நம்மளப் பாக்கவே மாட்டேங்குது. நமக்குப் பக்கத்துல வேற யாரோ நிக்கிற மாதிரி அந்தப் பக்கமா பாக்குது. ஒரு அம்மா திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, வேணாம்னு போயிட்டாங்க. இன்னொரு வீட்டுல குழந்தை பயந்து அழுதுச்சாம்."

"தலைதான் திரும்புமே. கொஞ்சம் திருப்பி வச்சா போச்சு!"

"வச்சுப் பாத்தேன். திருப்பினா நம்மகிட்ட கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

நான் விடுவேனா? இத்தனை வருடமாக வாங்கி விற்றபோது தெரியாத குறை இப்போது எங்கிருந்து வந்தது, உங்கள் கடை வெளிச்சம்தான் கோணல், என்று சகட்டுமேனிக்குப் பேசினேன். கடைக்காரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்காவிடம் மட்டும் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் நேராப் பாக்கும், மூணு நாலு வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிக்கிட்டே வருது, அதான் எனக்கும் புரியல. சனிக்கிழமை முன்பக்கக் கண்ணாடியில புதுசா அடுக்கறேன். அதுக்குள்ள கண்ணைச் சரிபண்ணிக் குடுத்தீங்கன்னா வாங்கிக்கறேன். இல்லேன்னா, மன்னிச்சுக்கங்க, இதோட நிறுத்திக்கலாம்."

அக்கா தலையை ஆட்டினார். வழியில் 'ம்' கூட வரவில்லை. நான் பேசியது அத்தனையும் எதிர்காற்றில்தான் போனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கரடிகளை வரிசையாக அலமாரியில் உட்கார வைத்தார். இரண்டு பெட்டியிலும் சேர்த்துப் பதினான்கு இருந்தன. வைத்துவிட்டு நேராகப் போய் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்.

"நேராத்தானே பாக்குது?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். "எங்கக்கா நேரா? எல்லாம் கோணலாத்தான் பாக்குது."

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாக்குறேன். பதினாலும் ஒரே மாதிரி அந்தப் பக்கம் பாக்குது, வரிசையில நிக்கிறவங்க பஸ் வருதான்னு எட்டிப் பாக்குற மாதிரி."

"உனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்றார் அக்கா. எங்களுக்குள் நடந்த முதல் சண்டை அதுதான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் என் கண்ணைப் பற்றியும் அவர் கண்ணாடியின் பவரைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன். அவர் எழுந்து அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்து நிமிர்த்தினார். பெட்டி தூக்கிய கை வலிக்க, காலியாக இருந்த ஸ்டூலில் நான் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து நிமிர்ந்தவள் அப்படியே இருந்துவிட்டேன். பதினான்கு கரடிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுந்து ஒரு எட்டு தள்ளி நின்றேன், ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் போனேன், பார்க்கவில்லை. அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன், அங்கேயும் இல்லை. திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தால் அத்தனை பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. "அக்கா, இதுங்க எல்லாம் உங்களைத்தான் பாக்குது" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்து, எழுப்பிக் கதவருகே நிற்க வைத்து, மறுபடி உட்கார வைத்துக் காட்டினேன். இரண்டாவது தடவை உட்கார்ந்ததும் எழவில்லை. அண்ணன் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. அதனால் தானே ஸ்டூலில் இருந்து பார்த்துப் பார்த்து நூலை இழுத்திருக்கிறார். தன்னைப் பார்க்கிற வரைக்கும் இழுத்திருக்கிறார். நான்கு வருடமாக.

"அப்படியா" என்றார். அப்புறம், "டீ போடறேன்" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் காலி. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்திருக்கிறார், டீ போட மறந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டோமே என்று இருந்தது. நானே எழுந்து போய் டீ போட்டேன்.

டீ குடித்து முடித்த பிறகு அவர் நாற்காலியில் இருந்த துணிகளைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். தூசி தட்டினார். "நீ இதுல வந்து கொஞ்சம் உக்காரேன்" என்றார்.

உட்கார்ந்தேன். ஏதோ இன்ட்டர்வியூவுக்கு வந்த மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு. அவர் முதல் கரடியின் பிடரியில் இருந்த முடிச்சை வெட்டினார், நூலைத் தளர்த்தினார், அலமாரியில் வைத்தார்.

"உன்னைப் பாக்குதா?"

"ஜன்னலைப் பாக்குதுக்கா."

"இப்போ?"

"இப்போ என் காதைப் பாக்குது."

"ஒழுங்காச் சொல்லு."

"நிஜமாத்தான், தோட்டைப் பாக்குது. பொம்பளைக் கரடி போல."

அக்கா சிரித்தார். சத்தம் போட்டு. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அவரே ஒரு மாதிரி திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

சனிக்கிழமைக்குள் பதினான்கும் ஆக வேண்டும். நான் தினமும் மத்தியானம் சலவைக் கடையிலிருந்து நேரே அங்கே போனேன். வீட்டில் என் வீட்டுக்காரர் இரண்டு இடது கையோடு பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டார். தலையை ஆட்டக் கூடாது, எழக் கூடாது, ஆனால் பேசலாம் என்பது அக்காவின் சட்டம். பேசலாம் என்று என்னிடம் யாராவது சொல்லுவார்களா? சலவைக்கு வருகிற கோட்டுப் பைகளில் என்னென்ன கிடைக்கிறது, பல் செட்டை மறந்துவிட்டு மறுநாள் வாயை மூடிக்கொண்டே வந்து கேட்டவர் யார், எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். அக்கா நூலை இழுத்தபடி கேட்டார். 'ம்' கொட்டினார். பிறகு "அப்புறம்?" என்று கேட்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாளோ என்னவோ, அவரே பேசினார். நான் எதுவும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைதான் கஷ்டம். கீழ இருக்குற கடைகூட மூடிடுவான். ஒரு தடவை மூணு நாளா யாருகிட்டயும் பேச வேண்டி வரல. அப்புறம் பஸ்ல ஏறி, எறங்குற எடத்தைச் சொல்ல வாயைத் திறக்கறேன், சத்தமே வரல. காத்துதான் வருது. கண்டக்டர் என்னை ஊமைன்னு நினைச்சுக்கிட்டு விரலைக் காட்டி ஒண்ணா ரெண்டான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுன்னு விரலைக் காட்டினேன். வேற என்ன பண்றது."

இதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. "அதுலேர்ந்து காலைல எழுந்ததும் ரேடியோ சொல்ற ஊர்ப் பேரையெல்லாம் திருப்பிச் சொல்லிப் பாப்பேன். குரல் இருக்கான்னு" என்றார். அவர் கரடியைக் காட்டி, "உன்னைப் பாக்குதா?" என்று கேட்டார். பார்க்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதின்மூன்று முடிந்து பெட்டிக்குள் போயிருந்தன. கடைசி ஒன்றுதான் பாக்கி. பழுப்பு நிறம், கொஞ்சம் பெரிய காது. அலமாரியில் வைத்த உடனேயே என்னை நேராகப் பார்த்தது.

"பாக்குதுக்கா. முடிச்சுப் போட்டுடுங்க."

அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். "இடது கண்ணு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று நூலை உருவினார். மறுபடி கோத்து இழுத்தார். மறுபடியும் என்னை நேராகப் பார்த்தது. "இல்ல, என்னமோ சரியில்ல" என்று அதையும் உருவினார். மூன்றாவது தடவை ஊசியைக் கோக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வெளியே விளக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் பசி என்று இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள். கண் மூன்றாவது தடவையும் அதே இடத்தில்தான் வந்து நின்றது, நூல் அளவு மாற்றமில்லை.

"இன்னிக்கு இது ஆகாது போலிருக்கு. நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போறியா?" என்றார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்குக் காலைல கடைல குடுக்கணும்க்கா! கண்ணு நல்லாத்தான் இருக்கு, மொதல் தடவையே நல்லாத்தான் இருந்துச்சு. இதை நம்பி அந்தம்மா கண்ணாடியைக் காலி பண்ணி வச்சிருப்பாங்க. சும்மா பிரிச்சுப் பிரிச்சு என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்கு இந்தக் கடை வேணுமா வேணாமா?"

அக்கா முடிச்சுப் போட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, பல்லால் நூலைக் கடித்தார். கரடியைப் பெட்டிக்குள் மற்றதுகளோடு உட்கார வைத்து மூடியைச் சாத்தினார். "முடிஞ்சுது. நீ கெளம்பு, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

படி இறங்கி வந்து வண்டியில் சாவியைப் போட்டு ஹெல்மெட்டை மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சரியான மக்கு. சலவைக்கு வருகிற சட்டையில் கறை எங்கே என்று நொடியில் கண்டுபிடிப்பேன், இது தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஊசி பிடித்த கை அது. முதல் தடவையே கண் சரியாக விழுந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தால் அவருக்குத் தெரியாதா? அந்தக் கடை கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று பிரித்திருக்கிறார். ஒரே ஒரு கரடி மிச்சமிருந்தால் நாளைக்கும் நான் வந்து அந்த நாற்காலியில் உட்காருவேன். அதற்காகத்தான் பிரித்தார். நான் அவரைப் பிடித்துத் திட்டிவிட்டு, வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு போன் போட்டு, ரொட்டி இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுங்கள், அப்பாவிடம் கொடுக்காதீர்கள், கீழே போட்டுவிடுவார் என்று சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறினேன்.

கதவு தாழ் போடவில்லை. அக்கா கட்டிலில் இருந்த துணி அடுக்கை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் வைக்கக் குனிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"என்ன, எதையாவது விட்டுட்டியா?"

"ஆமாக்கா."

"எதை?"

நான் துணிகளை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டிலிலேயே போட்டேன். நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"ஞாபகம் வரல. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."